பதினாறு மதிப்பெண்

ஞாபகசக்திப் பரிசோதனையில் காசிமாயன் முப்பதுக்குப் பதினான்குதான் வாங்கினார் என்பதால், விட்டுப்போன பதினாறு மதிப்பெண்ணுக்கும் ஈடாகப் பதினாறு உயிர்களும் பொருள்களும் அவரை மறந்தன. அவர் எதையும் மறக்கவில்லை. கீழக்குயில்குடியில் இதைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. முதலில் மறந்தது நாய். ஆறு வருஷம் அவர் கையால் சோறு தின்ற நாய், முகாம் நடந்த மறுநாள் விடிகாலையில் அவர் வாசலுக்கு வந்தபோது வேற்றாளைப் பார்த்துக் குரைப்பதுபோலக் குரைத்து, வேட்டியைப் பிடித்து இழுத்துத் தெருவரைக்கும் கொண்டுபோய் விட்டது. அவர் மனைவி சோலையம்மாள் நாயைக் கட்டிப்போட்டார். காசிமாயன் கிழிந்த வேட்டியை மாற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். எழுபத்து நான்கு வயதில் நாயைப் பற்றிப் புகார் சொல்வது அந்தக் குடும்பத்து வழக்கம் அல்ல.

முகாமை நடத்தியது நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று. பொங்கல் முடிந்த இரண்டாம் புதன்கிழமை, தொடக்கப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். ஆர்த்திகா என்ற இளம்பெண் இரண்டு கட்டுத் தாள்களை வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் நான்கைந்து வகுப்பாவது படித்தவர்களுக்கு வெள்ளைத் தாள். அதில் கடிகாரம் வரையவும், கணக்குப் போடவும், வாசிக்கவும், எழுதவும் சொல்லியிருந்தது. படிக்காதவர்களுக்கு மஞ்சள் தாள். அதில் எழுத்து வேலையே கிடையாது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், தீக்குச்சிகளைக் காட்டியபடி அடுக்க வேண்டும், படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் முப்பது மதிப்பெண்தான். வெள்ளைத் தாளைப் படிக்காதவர்களிடம் கொடுத்தால், பன்னிரண்டு பேர் உள்ள வீட்டை விரல் நுனியில் நடத்துகிறவள்கூடப் புத்தி பேதலித்தவள் என்று வந்துவிடுகிறது. அதனால்தான் மஞ்சள் தாளை உண்டாக்கினோம் என்று ஆர்த்திகா எல்லோருக்கும் விளக்கிச் சொன்னாள். ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, பத்து மணிக்குள் மஞ்சள் தாளுக்குக் கைநாட்டுத் தாள் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தபிறகு ஆண்களில் அதை வாங்க முன்வந்தவர் ஒருவர்தான், காசிமாயனின் பங்காளி அழகுபாண்டி. அவருக்கு எந்தக் காலத்திலும் வெட்கம் இருந்ததில்லை. இருபத்தெட்டு வாங்கிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே வந்தார்.

“கைநாட்டுல இருபத்தெட்டு! பள்ளிக்கூடம் போயிருந்தா கலெக்டராயிருப்பேன், கெடுத்துட்டாங்க.”

காசிமாயனின் முறை வந்தது. சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முதுகு பெஞ்சில் படாத உட்காருகை. ஆர்த்திகா பேனாவைத் திறந்தாள்.

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க, தாத்தா?”

“வெளிச்சுவத்துல கல்லு இருக்கு. போயி வாசிச்சுப் பாரும்மா.”

அவள் எழுந்துபோய் வாசித்தாள். சத்துணவுக் கூடத்தைத் திறந்துவைத்தவர் பெற்றோர் கழகத் தலைவர் திரு. காசிமாயன், எஸ்.எஸ்.எல்.சி. என்று கருங்கல்லில் வெட்டியிருந்தது. திரும்பி வந்து வெள்ளைத் தாளை எடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கல் சொன்னது பொய். அந்தப் பொய்க்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அலங்காநல்லூரில் சோலையம்மாளின் தகப்பனார், எழுத்துத் தெரியாமல் ஏதோ ஒரு பத்திரத்தில் பெருவிரலை வைத்துவிட்டு வாழ்நாள் முழுக்க அந்த விரலைச் சபித்தவர். எழுத்துத் தெரிந்தவனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். காசிமாயன் வீட்டார் படித்தவன் என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் அது நான்கு எழுத்தாக ஏறியது. பிறகு மகன் அசோக்குமாரின் கல்யாணப் பத்திரிகையில், கோயில் திருவிழா நோட்டீசில், கடைசியாகக் கல்லில். கையெழுத்தைப் போர்டு எழுதுகிற ஒருவரிடம் மாதக்கணக்காகப் பழகியிருந்தார். அடியில் கோடு இழுத்து, கோட்டின் மேல் இரண்டு புள்ளி வைக்கிற கையெழுத்து; தாசில்தார் ஒருவர் அதைப் பார்த்துப் பாராட்டியதுண்டு. அது ஒன்றுதான் அவருக்கு எழுதத் தெரியும். வாசிக்க வேண்டிய இடங்களில் மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்.

ஆர்த்திகா மூன்று பொருள்களின் பெயரைச் சொன்னாள்; பின்னால் கேட்டபோது மூன்றையும் சொன்னார். ஊர், தாலுகா, கிழமை, மாதம் எல்லாம் சொன்னார். பதினான்கு அப்படி வந்ததுதான். கடிகாரம் வரையச் சொன்னபோது வட்டம் போட்டார். வெயிலைப் பார்த்து மணி சொன்னால் ஐந்து நிமிஷம் பிசகாத மனிதர், வட்டத்துக்குள் என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள்.

“நூறு என்னதும்மா? நெல்லா, ஆடா?”

“சும்மா நூறு, தாத்தா.”

“சும்மா நூறுன்னு ஒண்ணு கிடையாதும்மா.”

அதற்கு ஐந்து மதிப்பெண் போயிற்று. ஒரு சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிச் சொல்வதற்கு இன்னொரு ஐந்து. ‘கண்களை மூடுங்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை வாசித்து அதன்படி செய்யச் சொன்னாள். அவர் அட்டையைத் தூரத்தில் பிடித்து, கண்ணை அகலத் திறந்து பார்த்து, “சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்று திருப்பிக் கொடுத்தார். உங்கள் மனதில் உள்ளதை ஒரு வரி எழுதுங்கள் என்றதற்குக் கையெழுத்துப் போட்டார், அடியில் கோடு, மேலே இரண்டு புள்ளி. நினைவாற்றல் குறைந்திருக்கிறது, மேல்சிகிச்சைக்கு வரவும் என்று அவள் எழுதிய சீட்டை அவர் பார்த்துத் தலையசைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பையில் இருப்பது என்னவென்று தெருவில் வைத்து அழகுபாண்டிதான் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கேட்டதும் அழகுபாண்டி சிரிக்கவில்லை.

நாய்க்குப் பின் மற்றவை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாக மறந்தன. நாகமலைப் புதுக்கோட்டை சலூனில் கண்ணாடி அவரை மறந்தது. சவரம் செய்கிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தியைத் தீட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. நாற்காலி காலியாகத் தெரிந்தது. சவரம் செய்கிறவர் கைத்தடவலிலேயே சிரைத்துவிட்டார், ஒரு கீறல்கூட இல்லை. எந்தக் கண்ணாடியிலும் அதற்குப் பிறகு காசிமாயன் விழவில்லை. அடுத்து, வாடிவாசலில் மூன்று வருஷம் பிடிபடாத அவருடைய காளை, அவர் முகர்ந்து பார்க்கக் கொடுத்த கையை முகர்ந்துவிட்டு மண்ணைக் கிளறிக் கொம்பைத் தாழ்த்தியது. செருப்பு காலை மறந்து புதுச் செருப்பைப்போலக் கடித்தது. அமாவாசைச் சோற்றை எடுக்க வரும் காகங்கள் அவர் வைத்த இலையைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு இலையில் உட்கார்ந்தன. ரேஷன் கடை மெஷின் அவர் விரலை மறந்தது. இதை மட்டும் ஊரில் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, அது பாதி ஊரை மறந்திருந்தது. டவுன் பஸ் அவர் கைகாட்டினால் நிற்பதில்லை. தாமரைக்குளம் மறந்ததால், இறங்கினால் தண்ணீர் நனைக்கவில்லை. சமணர் மலையடியில் நின்று கூப்பிட்டால் எல்லோருக்கும் திரும்பிவருகிற குரல் அவருக்கு வரவில்லை. வீட்டுக் கதவு, தாழ்ப்பாள் நீக்கியிருந்தாலும், அவர் தள்ளினால் திறக்காது. உள்ளிருந்து சோலையம்மாள் இழுக்க வேண்டும். நிழல் ஆடி மாதம் மறந்தது. அதற்குப் பின் தலைப்பாகை மறந்து தலையில் நிற்கவில்லை, மண்வெட்டி மறந்து கைக்கு அடங்கவில்லை. காசிமாயன் ஒவ்வொன்றையும் விரலில் எண்ணிவைத்திருந்தார். பதினாறு என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் எது மறக்கும் என்பதைப் பற்றி ஒரே ஒரு பயந்தான் அவருக்கு இருந்தது. அதை மனதுக்குள்ளேகூட அவர் பெயர் சொல்லி நினைப்பதில்லை.

மருந்து என்னவென்று தெரியாமல் அவர் துன்பப்பட்டார் என்று நினைக்கக் கூடாது. ஆனையூரில் இருளாயி என்ற பெண்ணுக்கு, தாள் தீர்ந்துபோன ஒரு முகாமில், படிக்காதவர் என்று தெரிந்தும் வெள்ளைத் தாள் கொடுத்துவிட்டார்கள். அவரை அவருடைய அடுப்பங்கரை மறந்தது. அவர் பற்றவைத்தால் அடுப்பு எரியாது, அவர் வைத்த உலை கொதிக்காது. மஞ்சள் தாளை உண்டாக்கிய டாக்டர் ஷாஹீதா நேரில் போய், சரியான தாளில் மறுபடி பரிசோதித்து, இருபத்தொன்பது போட்டுக் கையொப்பமிட்ட அன்று மாலையே உலை கொதித்தது. காசிமாயன் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஷாஹீதா கீழக்குயில்குடிக்கும் வந்தார். நகரத்து வடக்கு வெளி வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர், பெரியவர்களிடம் பேசத் தெரிந்தவர்.

“இது படிப்பு விஷயமே இல்லைங்கய்யா. தாள் மாறிப்போச்சு, அம்புட்டுதான். படிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மஞ்சத் தாள் போட்டுருவோம்.”

“கல்லுல இருக்கிறதைப் பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன்.”

“அப்ப வெள்ளைத் தாளையே இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார்கள். பதினான்குதான் வந்தது. டாக்டர் போன பிறகு சோலையம்மாள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மஞ்சத் தாளும் தாளுதானே.” ஐம்பது வருஷத்தில் அவர் உயர்த்தாத குரலை அன்று காசிமாயன் உயர்த்தினார். சோலையம்மாள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அழகுபாண்டி மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவார். “அண்ணே, எனக்குக் கொம்பா முளைச்சிருச்சு கைநாட்டு வச்சதுல?” என்று கேட்பார். காசிமாயன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவார். தான் ஒருவன் பொய் சொன்னதாக மட்டும் இருந்திருந்தால் காசிமாயன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பார். பெண் கேட்டுப் போன தகப்பன் பொய் சொன்னவன் ஆவான். பந்தலில் சாட்சி நின்ற பெரியவர்கள் பொய் சொன்னவர்கள் ஆவார்கள். சோலையம்மாள் ஏமாற்றிக் கட்டப்பட்டவள் ஆவாள். செத்தவர்களை அவர் தெருவில் நிறுத்தத் தயாராக இல்லை.

பதினான்காவதாக மறந்தது மகன். திருப்பூரில் தறிப் பட்டறையில் இருந்த அசோக்குமாருக்குப் போன் செய்தால், “ராங் நம்பருங்க” என்று மரியாதையாகச் சொல்லி வைத்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தான். தகப்பனாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். பெரியவருக்கு நல்லெண்ணெய் போதுமா என்று கேட்டு ஊற்றினான். கை கழுவுகிற இடத்தில் தாயிடம் தாழ்ந்த குரலில், “யாரும்மா இவரு, ஒறமுறையா?” என்றான்.

“உங்கப்பன்டா.”

அசோக்குமார் சிரித்தான். “போம்மா, நீயும் உன் கேலியும். அப்பா எங்க போயிருக்காரு? நல்ல நாள் அதுவுமா.”

பதினைந்தாவதாகக் கார்த்திகையில் கை தன் கையெழுத்தை மறந்தது. சொசைட்டியில் நோட்டைத் திறந்து வைத்தார்கள். பேனாவை வைத்தார், கோடு இழுக்க வந்தது, கோட்டுக்கு மேலே எதுவும் வரவில்லை. நாளைக்கு வருவதாகச் சொல்லி எழுந்தார். அன்றையிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. சோலையம்மாள் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் தொழுவத்துக்கும் கூடவே போனார். பார்த்துக்கொண்டே இருந்தால் மறக்க முடியாது என்று அவர் நம்பியிருக்கலாம். முகாம் நடந்து ஒரு வருஷம் திரும்புகிற தை மாதத்தில் ஒருநாள் காலை, காப்பி கொண்டுவந்த சோலையம்மாள் நடுவீட்டில் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

“யாருங்க? வீட்டுல ஆம்பளை இல்லாத நேரத்துல உள்ள வரலாமா?”

காசிமாயன் எழுந்து, தப்பாக வந்துவிட்டேன் என்று சொல்லி வெளியேறினார். சோலையம்மாள் முகாமில் மஞ்சள் தாளில் இருபத்தொன்பது வாங்கியவர். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது, புருஷன் பெயர், அவர் உடுத்துகிற வேட்டிக் கரை, சோற்றில் எத்தனை கரண்டி குழம்பு என்பது உட்பட. எதிரில் நிற்கிறவர் அவர்தான் என்பது மட்டும் போய்விட்டது. அழகுபாண்டி தெருமுனையில் நின்றிருந்தார். “வாண்ணே” என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கட்டிலைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் காசிமாயன் தன் வீட்டு வாசலில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டார். சோலையம்மாள் செம்பில் கொண்டுவந்து கொடுத்து, வாசல்படியில் உட்காரச் சொல்லி, எந்த ஊர் என்று விசாரித்தார். உட்கார ஒரு காரணம் வேண்டியிருந்ததால் அவர் மறுபடியும் ஒரு பொய் சொன்னார்.

“அலங்காநல்லூர்.”

“அட, எங்க ஊரு!” சோலையம்மாள் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “வடக்குத் தெருவா? எங்கய்யா வீடு அங்கனதான். நான் அங்க போயே வருசம் எம்புட்டோ ஆச்சு. எங்க ஆத்தா செத்த பிறகு போக மனசு வரலை. முகம் பாக்கலைங்க நான்.”

“ஏன், சேதி வரலையா?”

“வந்துச்சு. கார்டு போட்டிருந்தாங்க, படுத்த படுக்கையாக் கெடக்கா, உடனே வான்னு. என் வீட்டுக்காரரு கையில வாங்கினாரு. எல்லாரும் சௌக்கியமாம், செவலை மாடு கன்னு போட்டிருக்காம்னு வாசிச்சாரு. எனக்கு எம்புட்டுச் சந்தோசம். நாலாம் நாளு சைக்கிள்ல ஆளு வந்து நிக்கிறான், எடுத்துட்டோம், அப்படிக் கார்டு போட்டும் நீ ஏன் வரலைன்னு.”

காசிமாயன் செம்பைக் கீழே வைத்தார். கன்றுக்குட்டியை அவர்தான் இட்டுக்கட்டினார். வெறுமனே சௌக்கியம் என்றால் நம்பமாட்டாளோ என்று, அவள் முகம் மலர வேண்டும் என்பதற்காக, செவலை என்று நிறமும் சேர்த்திருந்தார்.

“அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், மனுசனுக்கு எழுத்துத் தெரியாதுன்னு.”

“நீங்க கேக்கலையா?”

“கேட்டா அவரு தலையை எங்க கொண்டுபோயி வச்சுக்குவாரு? அந்தக் கார்டை அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். வேற யாரும் எடுத்து வாசிச்சிரக் கூடாதுல்ல.” சோலையம்மாள் வெயிலைப் பார்த்தார். “நீங்களும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஊருல மரியாதையான மனுசன்.”

மறுநாள் காலை அழகுபாண்டி தன் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்காரவைத்து அவரை நகரத்துக்குக் கொண்டுபோனார். டாக்டர் ஷாஹீதா பேனாவை எடுத்து, படிப்பு என்று கேட்டார். இல்லை, ஒருநாள்கூட இல்லை என்று காசிமாயன் சொன்னார். கல்லில் இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. காசிமாயனே சொன்னார், கல் பொய் சொல்கிறது என்று. மஞ்சள் தாள் வந்தது. கிழமைகளைச் சனியிலிருந்து ஞாயிறுவரை பின்னோக்கிச் சொன்னார், மாதங்களைப் பங்குனியிலிருந்து சித்திரைவரை சொன்னார். தீக்குச்சிகளைக் காட்டியதைவிட நேராக அடுக்கினார். வரிசையாக ஏதாவது சொல்லுங்கள் என்றதற்கு, ஐயனார் கோயிலில் திருநீறு வாங்கும் முப்பத்திரண்டு பங்காளி வீடுகளையும், யார் தகப்பன் யார் மகன் என்று முறைப்படி, மூச்சு வாங்காமல் சொன்னார். ஷாஹீதா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் சொல்லிவைத்த மூன்று பொருள்கள் என்னென்ன என்று கடைசியில் கேட்டார். காசிமாயன் வெகுநேரம் யோசித்தார். போன வருஷம் இதே கேள்விக்கு மூன்றையும் சொன்னவர்.

“மூணும் போயிருச்சும்மா.”

“பரவாயில்லைங்கய்யா. இருபத்தேழு. எழுபத்தஞ்சு வயசுல மூணு போறது வழக்கம்தான்.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மை தடவிப் பெருவிரலை வைத்தார்.

ஊர் எல்லையில் வண்டி நுழையும்போதே நாய் ஓடிவந்தது. பிறகு போன வரிசைப்படியே வந்தன: காளை கையை நக்கியது, செருப்பு காலுக்குப் பழகியது, காகங்கள் வந்தன, பஸ் நின்றது, குளம் நனைத்தது, மலை பதில் சொன்னது, கதவு திறந்தது, நிழல் காலடியில் வந்து படுத்தது, தலைப்பாகை தலையில் நின்றது, மண்வெட்டி கைக்கு அடங்கியது. அசோக்குமார் போனில் அழுதான், இம்புட்டு நாளாக எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டு. ரேஷன் கடை மெஷின்கூட மூன்றாம் தடவையில் ஒத்துக்கொண்டது. திரும்பியவை பதின்மூன்று. கண்ணாடி திரும்பவில்லை, கையெழுத்து திரும்பவில்லை, சோலையம்மாள் திரும்பவில்லை. எந்த மூன்று என்று தேர்ந்தெடுக்க அவருக்கு இடம் தரப்படவில்லை. ஆறு மாதம் கழித்து ஷாஹீதா மறுபடி பரிசோதித்தார். இருபத்தேழுதான்.

அந்த வாரமே காசிமாயன் கொத்தனாரை வைத்துக் கல்லில் தன் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளைச் செதுக்கி எடுக்கச் செய்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், ஊர் பார்க்க, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அந்த இடத்தில் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. மழை பெய்தால் ஈரம் நிற்கும். அடுத்த முகாமில் ஆண்கள் இருபத்திரண்டு பேர் மஞ்சள் தாள் வாங்கினார்கள். கைநாட்டுத் தாள் என்ற பெயரை யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் அழகுபாண்டி வீட்டில் தூங்குகிறார். தினமும் வெயில் சாய்கிற நேரத்தில் திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவின் மறுகோடியிலிருந்து தன் வீட்டுக்கு நடந்து வருகிறார். நாய் வாலாட்டுகிறது, கதவு தானாக விலகுகிறது. அலங்காநல்லூர்க்காரர் வந்துவிட்டார் என்று சோலையம்மாள் செம்பில் தண்ணீரும் பிறகு காப்பியும் கொண்டுவருகிறார். ஒருமுறை அந்தக் கார்டைப் பற்றிக் காசிமாயன் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். நீங்க எதுக்குங்க கேக்குறீங்க, கேட்டா அவருல்ல கேக்கணும், அவரு கேக்கவும் வேண்டாம் என்று சோலையம்மாள் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும்தான் பேச்சு. வெளிச்சம் குறையத் தொடங்கினால் காசிமாயன் விடைபெற எழுந்திருப்பார். சோலையம்மாள் உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு வந்து, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

“இருங்க, பாத்துட்டுப் போகலாம். அவரு வார நேரந்தான்.”

காசிமாயன் திரும்பவும் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.